தோற்பதற்கு நின்ற வரிசை

கஸ்பர் கொழும்பில் என்ன வேலை பார்க்கிறான் என்பதை ஜோசப்பீன் அத்தைக்கு விளக்குவதைவிட ஒரு மாட்டுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம்.

“பாட்டுப் போடுறேன் அத்தே.”

“சினிமாவுக்கா?”

“இல்ல.”

“ரேடியோவுக்கா?”

“இல்ல. டீவி மாதிரி ஒரு பெட்டி. காசு போட்டா ஆடலாம். ஆடுறப்போ உள்ளேருந்து பாட்டு வரும். அந்தப் பாட்டு நான் போட்டது.”

அத்தை வெற்றிலையைக் கன்னத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றினாள். “காசு போட்டா கிளி வந்து சீட்டெடுக்குமே, அது மாதிரியா?”

“கிட்டத்தட்ட.”

“அப்ப நீ கிளிக்காரன். அதச் சொல்லத் தெரியாம கொழும்பு, பெட்டி, டீவின்னு என்னத்துக்கு மென்னு முழுங்குற?”

கஸ்பருக்கு அந்தப் பட்டம் பிடித்துப்போயிற்று. யார் கேட்டாலும் அதையே சொல்ல ஆரம்பித்தான். “கிளிக்காரனுங்க. கிளி மட்டும் முதலாளியோடது.”

இசையமைப்பாளன் என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு வாய் கூசும். அவன் கற்ற சங்கீதமெல்லாம் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேற்பிரிவில், தகரக் கூரை போட்ட கோயிலில் கிடந்த ஒரு கால்மிதி ஆர்மோனியத்தில் கற்றது. அதில் இரண்டு கட்டைகள் பேசாது. மூன்றாவது ஒன்று மழைக்காலத்தில் யாரும் தொடாமலே பேசும், அதுவும் ஃபாதர் பிரசங்கம் வைக்கும்போதுதான் பேசும். ஊமைக் கட்டைகளைச் சுற்றிக்கொண்டு போய் வாசித்து வாசித்து, இருக்கிறதை வைத்து ஒப்பேற்றுகிற வித்தை அவனுக்குக் கைவந்துவிட்டது. பின்னாளில் சோறு போட்டது சங்கீதமா ஒப்பேற்றலா என்று கேட்டால், யோசிக்காமல் இரண்டாவதைத்தான் சொல்லுவான்.

டிக்சன் முதலாளி அவனைக் கண்டுபிடித்ததும் அப்படி ஓர் ஒப்பேற்றலின் நடுவில்தான். நுவரெலியா பஜாரில் ரேடியோ திருத்தும் கடையொன்றில் கஸ்பர் அப்போது வேலைக்கிருந்தான். ஊளையிடுகிற பழைய ரேடியோ ஒன்றின் திருகை மெல்ல மெல்லத் திருப்பி, அந்த ஊளையை வைத்தே மாதா பாட்டொன்றை வாசித்துக்கொண்டிருந்தான். சீசனுக்குக் காரில் வந்து, காரின் ரேடியோவைத் திருத்தக் கொண்டுவந்த டிக்சன் வாசலில் நின்று முழுப் பாட்டையும் கேட்டார். நீர்கொழும்புச் சிங்களவர், வேதக்காரர். பாட்டு இன்னதென்று புரிந்து சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, “ஐசே, கொழும்புக்கு வாறியா?” என்றார்.

மருதானையில் ஒரு சந்துக்குள் இருந்தது அவருடைய பட்டறை. வெளிநாட்டிலிருந்து வந்த ஆட்டப் பெட்டிகளைப் பிரித்து, உள்ளே இருப்பதை மாற்றி, உள்ளூர்ப் பெட்டிகளாக்கி விற்பார். ஒரு பெட்டியில் ராக்கெட் ஒன்று ஆகாயத்துக் கற்களுக்குத் தப்பிப் பறக்கும். டிக்சன் அந்த ராக்கெட்டைத் தேயிலை ஏற்றிய லொறியாக்கினார், ஆகாயத்தை றம்பொடைப் பக்கத்து மலை ரோடாக்கினார். கற்கள் கற்களாகவே இருந்துகொண்டன. ஆடுகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, உருண்டு வரும் பாறைகளுக்கு விலகி, வளைவுக்கு வளைவு லொறியை இறக்கவேண்டும். தவறினால் லொறி பள்ளத்தில். ஆட்டம் முடிந்தது.

அந்தப் பெட்டிக்குள் மூன்று குரல்தான் உண்டு. மூன்றும் தகர டப்பாவுக்குள் மாட்டிய தும்பி மாதிரி. “போதும் முதலாளி,” என்றான் கஸ்பர். “எங்க கோயில் பாட்டுக் குழுவுல நாலு பேரு. அதுல ஒருத்தர் வாய மட்டும்தான் அசைப்பாரு.” ஒவ்வொரு சுருதிக்கும் ஓர் இலக்கம், அது எவ்வளவு நேரம் ஒலிக்கவேண்டும் என்பதற்கு இன்னோர் இலக்கம். அதைப் பெட்டிக்குள் இருக்கும் சிப்பில் ஏற்றவேண்டும். இடமோ மிகக் கொஞ்சம். ஒரு கல்யாணப் பாட்டின் வாலையும் ஒரு தாலாட்டின் தலையையும் ஒட்டவைத்து லொறி ஓடுகிற பாட்டைச் செய்தான். தூரம் போகப் போக ஒவ்வொரு மலைக்கும் புதுசாக ஒரு பாட்டு வைத்தான். அவ்வளவு தூரம் எவரும் லொறியை ஓட்டிப் போகப்போவதில்லை என்று டிக்சன் சிரித்தார். “இருக்கட்டும் முதலாளி. யாரும் போகாத ரோட்டுலயும் பூ பூக்குதுதானே,” என்றான் கஸ்பர். பிறகு, தான் ஏதோ கவிதை மாதிரிச் சொல்லிவிட்டோமே என்று வெட்கப்பட்டு, அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை.

கடைசியில் எஞ்சி நின்றது ஒரே ஒரு சத்தம். லொறி பள்ளத்தில் விழுந்தபின் வருவது.

“சோகமா இருக்கோணும்,” என்றார் டிக்சன். “ஆனா சின்னதா.”

கஸ்பருக்குச் சிரிப்பு வந்தது. சின்னதான சோகம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியாது. அவனிடம் இருந்தது ஒன்றுதான், அது சின்னதல்ல.

பெற்றீசியா அவனுடைய தங்கை. தேயிலைக் கொழுந்தெடுக்கிறவள். தாய்தகப்பன் போனபின் இருவரையும் அத்தைதான் வளர்த்தாள். அவன் ஆர்மோனியம் வாசித்தால், “தகரத்து மேல பூனை நடக்குது, யாராச்சும் வெரட்டுங்க,” என்பாள் பெற்றீசியா. சண்டை போடாத நாளில்லை. எழுபத்து நாலாம் வருசத்துப் பஞ்சத்தில், கூப்பன் மாவும் குறைந்து, மலையில் வேலையும் குறைந்து, லயத்து வீடுகளில் சனம் கீரையையும் தவிட்டையும் அவித்துக்கொண்டிருந்தபோதும் அவள் வாய் குறையவில்லை.

“இன்னைக்கு என்ன கறி?” என்று கேட்டால், “நேத்து இல்லாத அதே கறிதான்,” என்பாள்.

அவளுக்கு வந்தது சாதாரண வயிற்றோட்டம். வேறு காலமாக இருந்தால் கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டு மலைக்குப் போயிருப்பாள். தாங்குகிறதற்கு உடம்பு இல்லை.

அந்தத் தோட்டத்தில் வேதக்காரர் வீட்டுச் சாவென்றாலும் தப்பு மேளம் உண்டு. கோயிலுக்குள் ஜெபம், ரோட்டுக்கு வந்தால் தப்பு. வயசாளிக்கு ஒரு அடி, பிள்ளைக்கு ஒரு அடி, கல்யாணமாகாத வயசுப்பெண்ணுக்கு ஓர் அடி. சத்தத்தை வைத்தே அடுத்த மலைக்காரர்கள் யார் வீட்டில் என்னவென்று சொல்லிவிடுவார்கள். அடிக்கிறவர் கந்தப்பன். கஸ்பர் அவரைக் கூப்பிடக் கடைசி லயத்துக்குப் போனான். கந்தப்பன் கால் வீங்கிச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தப்பின் மரச்சட்டம் மட்டும் ஆணியில் தொங்கியது. தோல் இல்லை.

கஸ்பர் சட்டத்தைப் பார்ப்பதைக் கந்தப்பன் பார்த்தார்.

“அத கேக்காதீங்க தம்பி,” என்றார்.

அடுப்பில் பானை இருந்தது, தோல் வெந்த வாடையோடு. மூலையில் அவருடைய சின்ன மகன் தூங்கிக்கொண்டிருந்தான், வயிறு நிறைந்து. கஸ்பர் கேட்கவில்லை. பெற்றீசியாவைச் சத்தமில்லாமல் கொண்டுபோய் வைத்தார்கள். கொஞ்ச நாளில் அந்தச் சின்ன மகனும் சத்தமில்லாமல் போனான். அந்தப் பஞ்சம் முடிகிற மட்டும் மேற்பிரிவில் செத்தவர் எல்லோருமே அப்படித்தான் போனார்கள்.

பெட்டிக்குள் மூன்று குரல் போக இன்னொன்றும் இருந்தது. வெறும் இரைச்சல். வெடிச் சத்தத்துக்கென்று வைத்திருந்தது. ஒரு நாள் பட்டறையில் அதைத் துண்டு துண்டாக நறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். மிகச் சின்னதாக நறுக்கியபோது, ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் ‘டண்’ என்றது. இன்னும் கொஞ்சம் நறுக்கினான். குச்சி தோலில் படுகிற சத்தம். கஸ்பரின் கை அதற்குமேல் அவனைக் கேட்கவில்லை. வயசுப்பெண்ணுக்கு அடிக்கிற அடியை, இலக்கம் இலக்கமாக, தானாகவே எழுதி முடித்தது.

டிக்சன் கேட்டார். “இது என்ன, எஞ்சின் ஆறுற சத்தமா?”

“ஆமாங்க முதலாளி.”

“ஷோக்!”

கொழும்புக் கிளப்புகளில் அந்தப் பெட்டியை வைத்தார்கள். எல்லோரும் எஞ்சின் ஆறுகிறது என்றே நினைத்தார்கள். கஸ்பருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. மற்றப் பாட்டுகள் முதலாளிக்கு. இது மட்டும் அவளுக்கு. ஆனால் ஒன்று. துண்டு துண்டாகச் செய்தபோது கேட்டதோடு சரி, முழுதாக அதை அவன் கேட்டதே இல்லை. பெட்டிகளைச் சோதித்துப் பார்ப்பது அவன் வேலை. லொறி பள்ளத்துக்குச் சரிகிற நேரம் கை தானாகப் போய்ச் சத்தத்தைக் குறைத்துவிடும். பிறகு அதுவும் தேவைப்படவில்லை. லொறியை விழவிடாமல் ஓட்டப் பழகிக்கொண்டான்.

எண்பத்திரண்டு ஏப்ரல் சீசனுக்கு அந்தப் பெட்டி நுவரெலியாக் கார்னிவலுக்கு வந்தது. கஸ்பரும் கூடவே வந்தான். ராட்டினத்துக்கும் மரணக் கிணற்றுக்கும் நடுவில் கூடாரம். கொழும்பு மனிதர்கள் புதுக் கம்பளிச் சட்டையோடு வந்தார்கள். வருசப் பிறப்பு லீவுக்குத் தோட்டத்துச் சனமும் புதுத் துணி மடிப்புக் கலையாமல் வந்தது. கஸ்பர் செய்யும் தொழிலைத் தன் கண்ணால் பார்த்துவிடுவதென்று ஜோசப்பீன் அத்தையும் பஸ் ஏறி வந்திருந்தாள்.

முதலில் ஆடியது காற்சட்டை போட்ட ஒரு கொழும்புக்காரர். லொறி இரண்டு வளைவு தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. பெட்டி தப்படித்தது.

சுற்றி நின்ற தோட்டத்து ஆம்பிளைகள் எல்லோரும் ஒன்றாகத் தலைத்துண்டை அவிழ்த்தார்கள்.

யாரும் யாரையும் பார்த்துச் செய்யவில்லை. கை தானாகப் போனது. வறுத்த கச்சான் கடலை தின்றுகொண்டிருந்தவர் மெல்லுவதை நிறுத்தினார். பின்னாலிருந்து ஒரு குரல், “யாருங்க செத்தது?” என்று தாழ்வாகக் கேட்டது.

கொழும்புக்காரர் தன் லொறியைத்தான் கேட்கிறார்களென்று நினைத்து, “நான்தான்!” என்று சிரித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் மெல்ல நகர்ந்துவிட்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கந்தப்பன் முன்னால் வந்தார். தலை நரைத்திருந்தது. பெட்டியைச் சுற்றி வந்து, சத்தம் வருகிற ஓட்டைகளில் காதை வைத்தார். பிறகு நிமிர்ந்து கஸ்பரைப் பார்த்தார். இது யார் அடித்தது, யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. மடியிலிருந்து ஒரு காசை எடுத்துப் போட்டார். லொறி புறப்பட்டது. பாட்டுப் பாடியது. கந்தப்பன் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார். முதல் வளைவிலேயே லொறி விழுந்தது. தப்பு அடித்தது. அடித்து முடிகிற வரைக்கும் நின்று, தன் சின்ன மகனின் பேரை ஒரு தரம் சொன்னார்.

“பச்சப்புள்ளைக்கு அடிக்கிற அடி வேற,” என்றார் திரும்பி, மன்னிப்புக் கேட்கிற மாதிரி. “பரவாயில்ல. தெரிஞ்சிக்குவான்.”

பேச்சியம்மா என்ற பெண் கந்தப்பனின் முழங்கையைத் தொட்டாள். “அண்ணே, எங்கம்மாவுக்கும் அடிக்குமா?”

“காசு போட்டா யாருக்கும் அடிக்கும் தாயி.”

அப்படித்தான் வரிசை தொடங்கியது. கஸ்பர் தன் தொழிலில் எத்தனையோ விதமான ஆட்டக்காரர்களைப் பார்த்திருக்கிறான். தோற்பதற்கென்றே வரிசையில் நிற்கிற சனத்தைப் பார்த்ததில்லை. ஒருவர் காசு போடுவார், கையைக் கட்டிக்கொள்வார். லொறி விழும். ஒரு பேர். அடுத்தவர். சிலர் இரண்டு பேர் சொன்னார்கள். ஒரு கிழவர் நாலு பேர் சொல்லிவிட்டு, ஒரே காசுக்கு நாலு பேர் என்றால் பெட்டிக்காரருக்கு நட்டமாகாதா என்று கஸ்பரிடம் விசாரித்தார்.

டிக்சன் முதலாளி கூடாரத்துக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தார். “ஐசே கஸ்பர், என்ன இது? ஏன் ஒருத்தரும் லொறிய ஓட்டுறாங்க இல்ல?”

கந்தப்பன் அவருக்குத் தமிழில் சொன்னார். அந்தத் தோட்டத்துத் தமிழ் அவருக்கு முழுதாகப் பிடிபடவில்லை, கஸ்பர் சிங்களத்தில் சொல்லவேண்டியிருந்தது. “முதலாளி, தப்புச் சத்தம் கேட்டாத்தான் செத்தவங்களுக்கே தாங்க செத்துட்டோம்னு தெரியுமாம். அது வரைக்கும் வீட்டைச் சுத்தியேதான் நிப்பாங்களாம். அடுப்படியிலயும் வாசப்படியிலயும். நம்மள யாரும் சாப்பிடக் கூப்பிட மாட்டேங்கிறாங்களேன்னு பார்த்துக்கிட்டு.” சொல்லிக்கொண்டே வந்தவனுக்குக் கடைசி வாக்கியத்துக்குச் சிங்களம் வரவில்லை, தமிழிலேயே சொல்லிவிட்டான். அவன் கொழும்புக்குப் போய்விட்டான், பெட்டி பெட்டியாகப் பாட்டுப் போட்டான். இத்தனை வருசமாக அவள் லயத்து வாசலிலா நிற்கிறாள்?

டிக்சன் சிலுவை போட்டுக்கொண்டார். ஆனால் கார்னிவல் எடுத்து நடத்துகிற கொந்தராத்துக்காரர் சிலுவை போடுகிற ஆள் இல்லை. பின்னேரம் வந்து ஒரு கத்துக் கத்தினார். ராட்டினத்துக்கு வந்த சனம் இந்தப் பக்கம் பார்த்ததும் திரும்பிப் போகிறது, இது கார்னிவலா கனத்தை மயானமா, ஒன்று பெட்டி போகவேண்டும் அல்லது அந்தச் சத்தம் போகவேண்டும்.

டிக்சன் கஸ்பரைக் கூடாரத்தின் ஓரத்துக்குக் கூட்டிப்போனார். “நாளைக்குக் காலையில சிப்ப மாத்து. வேற ஒன்று இருக்குதானே. நீயே போட்டது, ஆடுற பைலாப் பாட்டு மாதிரி.”

“முதலாளி, அது எஞ்சின் ஆறுற சத்தமில்ல.”

“இப்ப தெரியுது.”

“எந்தங்கச்சிக்கு அடிச்சது. அவளுக்கு அடிக்க அன்னைக்கு ஆளில்ல.”

டிக்சன் மறுபடியும் சிலுவை போட்டுக்கொண்டார். “நான் பூசை வைக்கிறன் மகன். பெரிய பூசை. பாட்டுப் பூசை. ஆனா இந்தப் பெட்டிக்குள்ள வச்சிருக்க ஏலாது. மத்தப் பெட்டிகள்லயும் எடுத்துருவம்.” பிறகு, “இன்றைக்கு மூடுற மட்டும் இருக்கட்டும்,” என்றார். அவரால் ஆனது அவ்வளவுதான் என்று கஸ்பருக்கும் தெரியும்.

வெயில் இறங்கிப் பனி மூட ஆரம்பித்தது. வரிசை குறைந்துகொண்டு வந்தது. ஜோசப்பீன் அத்தை காலையிலிருந்து ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து ஒவ்வொரு பேரையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தெரிந்த பேருக்கெல்லாம் தலையாட்டினாள்.

“அத்தே, நீங்க போடுங்க,” என்றான் கஸ்பர். “அவ பேரச் சொல்லுங்க.”

“நான் போட மாட்டேன். அவ எங்கிட்ட என்னைக்கி சண்டை போட்டா? உன்கூடத்தான் மல்லுக்கு நிப்பா. உனக்காகத்தான் நிக்கிறா. போ.”

கஸ்பர் வரிசையின் கடைசியில் போய் நின்றான். முறை வந்தது. காசைப் போட்டான். லொறி புறப்பட்டது. கையைக் கட்டிக்கொள்ளத்தான் நினைத்தான். முதல் பாறை உருண்டு வந்தது. கை ஸ்டியரிங்குக்குப் போய்விட்டது.

முதல் வளைவு. இரண்டாவது. பாறைகளுக்கு நடுவே லொறி வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டாவது மலையின் பாட்டு வந்தது, மூன்றாவது மலையின் பாட்டு வந்தது. ஒருத்தரும் போகாத ரோட்டுக்கென்று அவன் போட்டு வைத்த பாட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. துக்கத்துக்கு வந்த சனம் துக்கத்தை மறந்துவிட்டது. “அடிச்சு ஓட்டுங்க தம்பி!” என்றது ஒரு குரல். “லெப்டு! லெப்டு!” என்றது இன்னொன்று. பேச்சியம்மா கைதட்டினாள். கொழும்புக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். கஸ்பருக்குத் திரை சரியாகத் தெரியவில்லை; கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுக்கவேண்டும், எடுத்தால் லொறி போய்விடும். துடைக்காமலே ஓட்டினான். அந்தச் சிப்பில் இருந்த கடைசிப் பாட்டும் வந்துவிட்டது. அதற்குமேல் அவனிடம் பாட்டு இல்லை.

அத்தை எழுந்து அவன் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் திரையைப் பார்க்கவில்லை, அவன் கையைப் பார்த்தாள்.

“விடுடா கஸ்பரு,” என்றாள். “எவ்வளவு நேரந்தான் நிக்க வைப்ப? பாவம், கால் வலிக்கும் அவளுக்கு.”

கஸ்பர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான்.

லொறி உடனே விழவில்லை. நேர் ரோட்டில் கொஞ்ச தூரம் தன்பாட்டில் ஓடியது. கைதட்டல் நின்றது. பிறகு வளைவு வந்தது.

தப்பு முழுதாக அடித்தது. கஸ்பர் பேரைச் சொல்ல வாயைத் திறந்தான். வாய் மட்டும்தான் அசைந்தது, பேரை அத்தைதான் சொன்னாள். சுற்றி நின்றவர்களெல்லாம் தலைத்துண்டை அவிழ்த்து நின்றார்கள். அவனுடைய கைகள் இரண்டும் சும்மா தொங்கின. கந்தப்பன் பின்னாலிருந்து வந்து, அவன் தலையிலிருந்த கம்பளித் தொப்பியை மெதுவாகக் கழற்றி அவன் கையில் கொடுத்தார்.